கழுந்தும் கணக்கும்

இரண்டு மரத்துண்டுகளைச் செங்குத்தாகச் சேர்க்க வேண்டும். நாற்காலியின் காலையும் அதன் குறுக்குச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்தால் சில மாதங்களில் ஆட ஆரம்பிக்கும். பசை மட்டும் தடவினாலும் நிற்காது. காரணம் எளிது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. சட்டத்தின் வெட்டுமுனையில் அந்தக் குழாய்களின் வாய் திறந்திருக்கிறது. தடவிய பசையை அவை உறிஞ்சிக்கொள்ளும். பிடிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. மரத்தின் பக்கவாட்டு முகம் இன்னொரு பக்கவாட்டு முகத்தோடு ஒட்டினால்தான் பசை தன் முழு வேலையைச் செய்யும்.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் கழுந்து. சட்டத்தின் முனையைச் செதுக்கி ஒரு நாக்கு போல் விடுவது. காலில் அதே அளவுக்குத் துளை தோண்டி அந்த நாக்கை உள்ளே செலுத்துவது. ஊரில் ஆசாரி உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து இதைச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இங்கே டெல்லியில் மிஸ்திரி இதையே 'சால்-சூல்' என்பார். சால் என்றால் துளை, சூல் என்றால் நாக்கு. பெயர்தான் வேறு, அளவு வேறல்ல. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது எங்கும் பொது விதி. 24 மில்லிமீட்டர் சட்டமானால் நாக்கு 8 மில்லிமீட்டர்.

இந்த முறைக்கு ஒரு தம்பி உண்டு. சட்டத்திலிருந்து நாக்கைச் செதுக்காமல், காலிலும் துளை, சட்டத்தின் முனையிலும் துளை என்று இரண்டிலும் தோண்டிவிட்டு, தனியாகச் செய்த ஒரு கட்டையை இரண்டுக்கும் பொதுவாக நுழைப்பது. தனிக் கழுந்து என்று இதைச் சொல்லலாம். இது நேற்று வந்த உத்தி அல்ல. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்ற இடத்தில் கடலடியில் 1982-இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல், கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதன் பலகைகள் ஓரத்தோடு ஓரமாக இப்படித் தனிக் கழுந்துகளால்தான் கோக்கப்பட்டிருந்தன. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் கடலைத் தாங்கிய இணைப்பு நம் வீட்டு நாற்காலியில் மனிதரைத் தாங்காதா என்ன?

அப்படியானால் புதிது என்ன என்றால், அந்தத் துளையைப் போடும் கருவிதான். ஜெர்மனியில் 1925-இல் தொடங்கிய ஃபெஸ்டூல் நிறுவனம் 'டாமினோ' என்ற பெயரில் ஒரு கைக்கருவி தயாரிக்கிறது. பார்ப்பதற்குச் சாதாரண கிரைண்டர் மாதிரி இருக்கும். ஆனால் அதன் முனையில் உள்ள வெட்டுளி சுழன்றுகொண்டே இடமும் வலமும் ஊசலாடும். சாதாரண டிரில் வட்டத் துளைதான் போடும். இது ஊசலாடுவதால் இரண்டு முனைகளும் வளைந்த நீள் துளை கிடைக்கிறது. கருவியை மரத்தில் வைத்து முன்னே தள்ளி, பின்னே இழுத்தால் ஐந்தாறு விநாடியில் துளை தயார். அதற்குப் பொருத்தமான பீச் மரக் கழுந்துகளையும் அவர்களே விற்கிறார்கள். சிறிய கருவியில் 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை கனமுள்ள கழுந்துகள் போகும். ஆழம் அதிகபட்சம் 28 மில்லிமீட்டர். பெரிய கருவியில் 14 மில்லிமீட்டர் கனம், 70 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம்.

கெட்டிக்காரக் கருவி, சந்தேகமில்லை. சிக்கல் விலையில். அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலருக்கு மேல். இங்கே கருவி, வெட்டுளிகள், ஒரு பெட்டி கழுந்து எல்லாம் சேர்ந்து ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் நம் சங்கக் குடும்பத்து இளைஞர் ஒருவர். வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது கிடைத்த தொகை கையில் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே மரவேலையில் கை நன்றாக வரும். சாப்பாட்டு மேசை, நாற்காலிகள் செய்து விற்றுப் பிழைக்கலாம் என்று இறங்கியிருக்கிறார். மனைவி வேலைக்குப் போகிறார், குழந்தை பள்ளியில். "மாமா, யாரைக் கேட்டாலும் இந்தக் கருவி இல்லாமல் தொழில் பண்ண முடியாதுங்கறா. வாங்கிடட்டுமா?" என்றார். கையிருப்பில் கணிசமான பங்கு அது. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இரண்டு பேரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன். கருவி வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். தையல் மிஷினுக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும்கூட இது பொருந்தும்.

முதலில் பலம். வேகமாகச் செய்து பலவீனமாக இருந்தால் வேகத்தால் பயனில்லை அல்லவா? கழுந்தின் பலத்தைப் பசை பிடிக்கும் பரப்பை வைத்து ஓரளவு மதிப்பிடலாம். 8 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் நீளமுள்ள டாமினோ கழுந்தின் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். பாதி நீளம், அதாவது 25 மில்லிமீட்டர், காலுக்குள் போகிறது. இரண்டு முகங்களுக்கும் சேர்த்து 22 x 25 x 2 = 1,100 சதுர மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் உயரச் சட்டத்தில் இப்படி இரண்டு வைக்கலாம், ஆக 2,200. கையால் செதுக்கும் கழுந்து 50 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம் என்றால் 50 x 35 x 2 = 3,500. ஆகவே சிறிய கருவியின் இரண்டு கழுந்துகள் பழைய முறையில் ஏறக்குறைய அறுபது சதவீதப் பரப்பைத்தான் தருகின்றன. மேசைக்கும் அலமாரிக்கும் இது தாராளம். நாற்காலி அப்படியல்ல. பின்னால் சாய்ந்து இரண்டு காலில் ஆடுகிறவர்கள் இல்லாத வீடு ஏது! நாற்காலியின் பின்கால் இணைப்புதான் மரச்சாமான்களிலேயே அதிகம் பாடுபடும் இடம். அங்கே இந்த அறுபது சதவீதம் போதும் என்றாலும், அலட்சியமாகச் செய்ய இடமில்லை.

அடுத்து நேரம். ஆறு நாற்காலி கொண்ட ஒரு தொகுப்பு என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாற்காலியில் இருக்கைச் சட்டம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை: 8 இணைப்புகள். கீழே மூன்று தாங்குச் சட்டங்கள்: 6. முதுகில் இரண்டு பட்டைகள்: 4. ஆகமொத்தம் 18. ஆறு நாற்காலிக்கு 108 இணைப்புகள்.

உளியால் செய்தால் நம் இளைஞருக்கு இணைப்பு ஒன்றுக்கு 35 நிமிடம் ஆகிறது. 108 இணைப்புக்கு 63 மணி நேரம். டாமினோவில் குறியிட்டு, நான்கு துளை போட்டு முடிக்க 4 நிமிடம் என்று வைத்தால் 7 மணி நேரத்துக்குச் சற்று மேல். 56 மணி நேரம் மிச்சம்! மணிக்கு 200 ரூபாய் என்று தம் உழைப்புக்கு அவர் விலை வைத்திருக்கிறார். அப்படியானால் ஒரு தொகுப்புக்கு 11,200 ரூபாய் மிச்சம். ஒன்பது தொகுப்பில் கருவியின் விலை வந்துவிடும். "பார்த்தீங்களா மாமா!" என்று அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு பாதிக் கணக்குதான். புதிய கருவியை நம்மிடம் இருக்கும் மிக மெதுவான முறையோடு ஒப்பிட்டால் எந்தக் கருவியும் லாபமாகத்தான் தெரியும். விற்கிறவர்கள் அப்படித்தான் ஒப்பிடுவார்கள். அது அவர்கள் தொழில். வாங்குகிறவர் ஒப்பிட வேண்டியது அதற்கு அடுத்த நல்ல வழியோடு.

அடுத்த நல்ல வழி என்ன? ரௌட்டர். எந்தப் பவர் டூல் கடையிலும் கிடைக்கும் சாதாரணக் கருவி. அதற்கு 8 மில்லிமீட்டர் வெட்டுளி ஒன்று, பிளைவுட்டில் நாமே செய்துகொள்ளும் ஒரு வழிகாட்டிச் சட்டம், அவ்வளவுதான். சட்டத்தை நிமிர்த்தி இறுக்கி, வழிகாட்டியின் நீள் துளைக்குள் ரௌட்டரை முன்னும் பின்னும் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தினால் தனிக் கழுந்துக்கான துளை கிடைத்துவிடும். இதில் அகலம் நம் இஷ்டம். 45 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் ஆழம் என்று ஒரே துளையாகப் போட்டால் பசைப் பரப்பு 45 x 30 x 2 = 2,700. இரண்டு டாமினோ கழுந்துகளைவிட அதிகம்! நேரம் இணைப்புக்கு 10 நிமிடம்; 108 இணைப்புக்கு 18 மணி. எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தோம்.

இப்போது பாருங்கள். டாமினோவால் மிச்சமாவது 56 மணி அல்ல, 18-இல் 7 போக 11 மணிதான். ரூபாயில் 2,200. கூடுதல் முதலீடு 80,000. வகுத்தால் 37 தொகுப்புகள். மாதம் ஒரு தொகுப்பு விற்கிறவருக்கு மூன்று வருஷம் ஆகும். அதுவும் கழுந்துகளைத் தாமே செய்துகொண்டால்தான். கடைக் கழுந்து ஒன்று 15 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். ஒரு தொகுப்புக்கு 216 கழுந்து, 3,240 ரூபாய். மிச்சமான 2,200-ஐ அது விழுங்கிவிட்டு மேலும் கேட்கும்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதை நாம் மறந்துவிடுகிறோம்: மிஸ்திரி. கீர்த்தி நகர் மரச்சந்தைப் பக்கம் போனால் உளியால் துளை போடுவதிலேயே வயதைக் கழித்தவர்களைப் பார்க்கலாம். அப்படி ஒருவர் நாளொன்றுக்கு 25 இணைப்பு முடித்தால் நாலரை நாளில் ஒரு தொகுப்பு தயார். நாள் கூலி ஆயிரம் என்றால் 4,500 ரூபாய். இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

இங்கேதான் வெளிநாட்டில் எழுதப்படும் புகழுரைகளைப் படிக்கும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். அவை பொய்யல்ல. அவர்கள் ஊருக்கு அது உண்மை. அமெரிக்கத் தச்சர் ஒருவரின் கூலி மணிக்கு 25, 30 டாலர். 1,200 டாலர் கருவி என்றால் அவருக்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான உழைப்பு. இங்கே நாள் கூலி ஆயிரம் வாங்குகிறவருக்கு ஒரு லட்சம் என்பது நூறு நாள் உழைப்பு. அதே இரும்பு, அதே மோட்டார். ஆனால் விலை பதினைந்து மடங்கு கனமாகிவிடுகிறது. "அங்கே எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்ற வாக்கியம் இங்கே எதையும் நிரூபிப்பதில்லை.

"சரி, அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணாவிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லட்டுமா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நம் குடும்பங்களில் எல்லாப் பிரச்சினைக்கும் இந்த ஒரு தீர்வு உண்டே! அங்கே விற்கும் கருவி 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230. நேராகச் சொருகினால் மோட்டார் போய்விடும். தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் கனமான சாமான். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சுங்கத்தில் வரம்பைத் தாண்டினால் வரி வேறு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் அதிகமில்லை. ரிப்பேர் என்றால் தவிப்பு.

யானை வாங்கினால் அங்குசமும் வாங்கியாக வேண்டும். இந்தக் கருவி தூசி உறிஞ்சியோடு சேர்ந்து இயங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. உறிஞ்சி இல்லாவிட்டால் துளைக்குள் தூள் அடைத்து ஆழம் குறையும். வெட்டுளிகள் தேயும், ஷீஷம் போன்ற கடின மரத்தில் சீக்கிரமே தேயும். பீச் கழுந்துகள் ஈரத்தைக் குடித்து உப்பக்கூடியவை. ஆகஸ்ட் மாத டெல்லியில் பெட்டியைத் திறந்து வைத்தால், மே மாதம் சுலபமாகப் போன கழுந்து உள்ளே போக மறுக்கும். மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கு இது வருஷம் முழுவதும் உள்ள தொல்லை. மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு சொன்னதால் கருவிக்கு நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ரூபாய்க் கணக்கில் வராத நன்மைகள் அதற்கு உண்டு. பெரிய மேசைப் பலகையை ரௌட்டர் வழிகாட்டியில் நிறுத்த முடியாது. டாமினோவைப் பலகையிடமே கொண்டுபோகலாம். நாலைந்து பலகைகளை ஓரம் சேர்த்து ஒட்டும்போது மேல்மட்டம் ஒரே சீராக நிற்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 45 டிகிரியில் வெட்டிய மூலைகளில் கழுந்து வைப்பது கையால் எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். இதில் முன்தகட்டைச் சாய்த்தால் போதும். அதோடு துளையின் அகலத்தைக் கொஞ்சம் தளர்வாகவும் வைக்க வழி உண்டு. முதல் கழுந்தை இறுக்கமாகவும் மற்றவற்றைத் தளர்வாகவும் போட்டால், குறியிட்டதில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் பலகைகள் கூடிவிடும்.

இன்னொன்று, நேரத்துக்கு ரூபாயில் விலை வைக்க முடியாதவர்கள். ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, ஒன்பது மணிக்குமேல் சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அடுக்குமாடியில், வாரத்துக்கு நாலு மணி நேரம் மட்டும் மரத்தோடு இருக்க முடிகிறவர் வேறு கணக்குப் போடலாம். அவருக்கு அந்த 11 மணி நேரம் மூன்று வாரம். வசதியும் இருந்தால் வாங்கட்டும். கேமராவுக்கும் காருக்கும் கொடுக்கிறவர்கள் இதற்குக் கொடுப்பதில் என்ன தவறு? ஆனால் அது பொழுதுபோக்குச் செலவு. தொழில் முதலீடு என்று பெயர் வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. மாதம் நாலு தொகுப்பு அனுப்பும் பட்டறைக்கும் கணக்கு வேறு. 37 தொகுப்பு என்பது அங்கே ஒன்பது மாதத்து வேலைதான். உழைப்பின் விலை மணிக்கு 600 என்று ஏறினாலும் 12, 13 தொகுப்பில் முதல் திரும்பிவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பிஸ்கட் ஜாயினரைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் 1950-களில் பிறந்த உத்தி அது. மெல்லிய வட்டக் கத்தியால் 4 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டி, அழுத்திய பீச் மரத்தாலான முட்டை வடிவத் தகட்டைச் செருகுவது. பசையின் ஈரம் பட்டதும் தகடு உப்பி இறுகும். பலகைகளை மட்டமாகச் சேர்க்க நல்லது. நாற்காலிக் காலுக்கு அதை நம்பாதீர்கள். ஆழமும் இல்லை, கனமும் இல்லை.

நம் இளைஞருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் மரத்தின் ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள். இணைப்பு விட்டுப்போவதற்குப் பல நேரம் காரணம் கருவியல்ல, காயாத மரம். சட்டம் காயாமல் இருக்கும்போது ஒட்டினால், மே மாதத்து லூ காற்றில் அது சுருங்கும். எந்த ஜெர்மன் கருவி போட்ட துளையாக இருந்தாலும் கழுந்து கழலும். தேக்காக இருந்தால் ஒட்டும் முன் முகத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து எண்ணெயை எடுக்க வேண்டும். அடுத்து, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள். எட்டு இருந்தாலும் பத்தாவது தேவைப்படும் சாமான் அது. பிறகு ரௌட்டர். லட்ச ரூபாய்க் கருவியை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஆறு மாதத்தில் கையில் முன்பணத்தோடு வந்த ஆர்டர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "செய்து தாங்க, பார்க்கலாம்" என்றவர்களைச் சேர்க்க வேண்டாம். மாதம் மூன்று தொகுப்பைத் தாண்டினால் தயங்காமல் வாங்கலாம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் ரௌட்டரோடுதான் ஆரம்பித்திருக்கிறார். முதல் தொகுப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. நோட்டில் இதுவரை நாலு வரி ஏறியிருக்கிறது.

தனிக் கழுந்தை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்காலி எந்த மரமோ அதே மரத்தில், அல்லது அதைவிடக் கடினமான மரத்தில், நார் நீளவாக்கில் ஓடும்படி பட்டை அறுத்துக்கொள்ளுங்கள். துளையின் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக அறுத்து, இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பார்த்துப் பாருங்கள். கைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் கனம் அதிகம். உள்ளே பசை தங்க இடமிருக்காது. ரௌட்டர் துளையின் முனைகள் வளைந்திருப்பதால் பட்டையின் ஓரங்களையும் அரத்தால் வளைத்துவிடலாம். வளைக்க நேரமில்லையென்றால் அகலத்தைக் குறைத்து நேராகவே விட்டாலும் கெடுதலில்லை. ஓரங்கள் பலம் தருவதில்லை, முகங்கள்தான் தருகின்றன. நீளத்தைத் துளைகள் இரண்டின் மொத்த ஆழத்தைவிட 2 மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். பட்டையின் முகத்தில் நீளவாக்கில் ரம்பத்தால் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு போடுங்கள். இல்லாவிட்டால் அடியில் அகப்பட்ட பசை வெளியேற வழியின்றி, கிளாம்ப் இறுக்கும்போது காலைப் பிளந்துவிடும்.